யாருக்கும் காய்ச்சல் வராத கப்பல்

பிப்ரவரி 4

தங்கைக்கு,

‘மதிப்பிற்குரிய முன்னாள் ஆய்வாளர் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்து, ‘தங்கள் மேலான ஒத்துழைப்பை நாடி’ என்று முடித்திருக்கிறாய். கீழே உன் கையெழுத்து. கூடப் பிறந்தவளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிய ஒரே ஆள் நீயாகத்தான் இருக்க வேண்டும். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

ஆக, ஆட்டக்காரியை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டீர்கள். அலை இல்லாத நாளிலும் ஆடுகிற கப்பல் என்பதால் மாலுமிகள் வைத்த பெயர் அது. பலகையில் அதையெல்லாம் எழுத மாட்டீர்கள் என்று தெரியும். காட்சி அமைப்பு முழுக்க உன் பொறுப்பு என்பதை உன் கையெழுத்துக்குக் கீழே பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாய். இப்போது அதன் ஒவ்வொரு ஆணிக்கும் நீ பதில் சொல்ல வேண்டும். நல்ல வேடிக்கைதான்.

பழைய பொருள் ஏதாவது இருந்தால் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். கொடுக்க மாட்டேன். காரணம், நீ கூட வைத்து அனுப்பியிருக்கும் படம். நோயாளி அறையில் நிறுத்தப்போகிற மெழுகுப் பொம்மைகளின் படம். கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையல்காரர், வாசலில் ரேடியோவோடு கேப்டன். சரி, இருக்கட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் மீசையுமாக ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அவன் யார்?

உன் அருங்காட்சியகக் குழுவைக் கேட்டு எழுது. போனில் கூப்பிடாதே. போனில் பேசி நாம் இருவரும் உருப்பட்டதில்லை.

அக்கா

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

சுற்றறிக்கை எல்லோருக்கும்தான் போனது. உனக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தால் அதிலும் ஒரு குறை கண்டுபிடித்திருப்பாய். கல்யாண வீட்டில் பார்த்தால் ‘சாப்டியா’ என்று கேட்டுக்கொள்வதோடு சரி என்று ஆகிவிட்ட இரண்டு பேரில் ஒருத்தி இன்னொருத்திக்கு எப்படிக் கடிதம் ஆரம்பிப்பது? சுற்றறிக்கை சௌகரியமாக இருந்தது.

மீசைக்காரர் மருத்துவ உதவியாளர். ஆய்வு நிறுவனம் கொடுத்த குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. நடுக்கடலில் சமையல்காரருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது, கரையிலிருந்த டாக்டரிடம் கேப்டன் ரேடியோவில் கேட்டுக் கேட்டுச் சொல்ல, உதவியாளர் ஊசி போட்டுக் கரை சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற காட்சி. குழுத் தலைவருக்கு மொத்தக் கப்பலிலும் இது ஒன்றுதான் பிடித்திருக்கிறது.

கப்பலின் பாதிக் கதை உனக்குத் தெரியும். குளிர்க்கடலில் மீன் பிடிக்கக் கட்டியது, மீன் கொட்டுகிற அறையை ஆய்வுக்கூடமாக மாற்றியது, எத்தனை பெயிண்ட் அடித்தும் மீன் வாடை போகாதது. நீ விட்டுவிட்டு வந்த பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. கடலடி மலைகளை வரைந்தது, புயல் பிறக்கிற தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது, கடைசியில் எஞ்சின் போய்த் துறைமுகத்தின் கோடியில் துருப்பிடித்துக் கிடந்தது. உடைப்பவர்களுக்கு விற்றும் விட்டார்கள். இழுத்துக்கொண்டு போக இழுவைப் படகு வந்த அன்று துறைமுகத் தொழிலாளர்கள் கயிற்றை அவிழ்க்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மேலதிகாரி கத்தினார், மிரட்டினார். ஒருத்தரும் அசையவில்லை. படகு வெறுங்கையோடு திரும்பிப் போனது, விற்பனையும் ரத்தானது. அந்தப் பலகைக்கு வாசகம் எழுதியபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. உன் கப்பல் என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டேன்.

உனக்கும் நோயாளி அறைக்கும் என்ன சம்பந்தம்? நீ ஆய்வுக்கூடத்து ஆள். உனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே.

தங்கை

பிப்ரவரி 24

தங்கைக்கு,

அந்தத் தனி அறைதான் நோயாளி அறை.

பெண்கள் தங்கக் கப்பலில் இடமில்லை என்றார் ஆய்வு நிறுவன இயக்குநர். நான் கப்பலின் வரைபடத்தை அவர் மேஜையில் விரித்து விரலை வைத்தேன். “இது என்ன ரூம் சார்?” “நோயாளி ரூம்.” “இதுல யார் இருக்காங்க?” “நோயாளி வந்தா இருப்பாங்க.” “வராதப்போ?” பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேப்டன் மேல்கூரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “யாராவது படுத்தா நீ எழுந்துக்கணும். சரியா?” சரி என்றேன்.

அன்றிலிருந்து மாலுமிகளுக்கு நான் பேஷண்ட். “பேஷண்ட், டீ ரெடி.” “பேஷண்ட், கம்பி மேல வருது, குப்பியப் பிடி.” ஆழத்திலிருந்து வருகிற குப்பித் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுப் பார்ப்பது என் வேலை. நடு ஆழத்தில் மூச்சே இல்லாத ஒரு தண்ணீர் அடுக்கு ஊர் ஊராக விரிந்து கிடப்பதை அப்படித்தான் பிடித்தோம். உன் பலகையில் அது ‘கண்டறியப்பட்டது’ என்று இருக்கும். யார் கண்டார் என்று இருக்காது.

நான் இருந்த காலம் முழுக்க அந்தக் கப்பலில் யாருக்கும் ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை. பொய் சொல்லவில்லை. கடல் காற்று அப்படி. ஆட்கள் கொஞ்சம் ஒரு மாதிரி, அவ்வளவுதான். கம்பியை இறக்கி ஏற்றும் விஞ்சுக்காரர் ஒரு பயணம் முழுக்க இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே என்னிடம் பேசினார். அவ்வளவு திமிர். நானும் முகம் கொடுக்கவில்லை. சின்ன எஞ்சினியர் வாரக்கணக்கில் வாயே திறக்க மாட்டார், எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். மற்றபடி எல்லோரும் இரும்பு மாதிரி இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் சமையல்காரர் அடுப்படியில் சுருண்டு விழுந்தார். உடனே என் சாமான்களை வாரிக்கொண்டு எழுந்து இடம் கொடுத்தேன். மருத்துவ உதவியாளர் என்று ஒருவர் அந்தக் கப்பலில் இருந்ததே இல்லை. கை நடுங்காமல் சொட்டு விடத் தெரிந்தவள் இவள்தான் என்று கேப்டன் ஊசியை என்னிடம் கொடுத்தார். போட்டது நான். கரை சேரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நான்.

அதற்கு எனக்குக் கிடைத்த பரிசைக் கேள். கரைக்கு வந்ததும் விசாரணை. கட்டிலில் ஒரு பெண் இருந்ததால் அவர் வலியை மறைத்தார், அதனால் உயிருக்கு ஆபத்து வந்தது என்று எழுதினார்கள். சுத்த அபாண்டம். ஒரு குரல் கொடுத்திருந்தால் எழுந்திருப்பேன். என்னை இறக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, ஜோடித்துக்கொண்டார்கள். இனிமேல் பெண்கள் ஏறக் கூடாது என்று உத்தரவும் போட்டார்கள்.

‘விட்டுவிட்டு வந்த பிறகு’ என்று எழுதியிருக்கிறாய். நான் விட்டுவிட்டு வரவில்லை. இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு என் கட்டிலைப் பிடுங்கினார்கள், இன்றைக்கு என் கையிலிருந்த ஊசியையும் பிடுங்கி ஒரு மீசைக்காரனிடம் கொடுக்கிறீர்கள். அவனை வெளியே அனுப்பு. அதுவரை என்னிடமிருந்து ஒரு கைக்குட்டைகூட வராது.

அக்கா

மார்ச் 3

அக்காவுக்கு,

அம்மா படுத்துவிட்ட வருடம் நீ பெட்டியோடு வாசலில் வந்து நின்றாய். “கப்பல விட்டுட்டியாடி?” என்று அம்மா கேட்டாள். “வந்துட்டேம்மா” என்றாய். அந்த ஒரு வார்த்தையில் அவள் முகம் எப்படி மலர்ந்தது என்பதைக் கதவுக்குப் பக்கத்தில் மருந்துக் கிண்ணத்தோடு நின்று நான் பார்த்தேன்.

“எனக்காகக் கப்பலையே விட்டுட்டு வந்தா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கடைசிவரை சொன்னாள். அதற்கு முன்னால் அவளுக்கு ஊட்டியது, துணி மாற்றியது, தூக்கி உட்கார வைத்தது எல்லாம் நான். என்னைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் எங்கேயும் போகவில்லையே, எதை விட்டுவிட்டு வர? உன் தியாகத்தைப் பார்த்து வயிறு எரிந்தது எனக்கு. இத்தனை வருடம் கழித்து, அது தியாகமே இல்லை, பிடித்துத் தள்ளிவிட்டார்கள் என்கிறாய்.

அம்மா போன பிறகு, “இனிமே என்ன, உன் கப்பலுக்குப் போ” என்று நான் சொன்னதற்காகத்தானே அன்று சாயங்காலமே கிளம்பி, தெரியாத ஊரில் போய்க் கல்லூரி வாத்தியார் ஆனாய்? நீ போக ஒரு கப்பல் இருக்கிறது என்று நினைத்துத்தான் சொன்னேன். இல்லை என்று தெரிந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்குமா? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாதிப் பழியை நீ வாங்கிக்கொள். மீதிக்கு நான் இருக்கிறேன்.

மீசைக்காரரைப் பற்றிக் குழுவில் கேட்கிறேன். உனக்காக இல்லை. பலகையில் பொய் எழுத எனக்குப் பிடிக்காது.

தங்கை

மார்ச் 11

தங்கைக்கு,

நான் அம்மாவிடம் பொய் சொல்லவில்லை. வந்துவிட்டேன் என்றேன், வந்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. உனக்கு வந்திருக்குமா?

உன்னிடம் சொல்லியிருக்கலாம்தான். நீ அப்போது எந்த முகத்தோடு வளைய வந்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? என் அறை உன் பிள்ளைகளுக்குப் போயிருந்தது. எனக்கு அம்மாவின் அறையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தாய். கப்பலிலும் நோயாளி அறை, வீட்டிலும் நோயாளி அறை. படுத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை.

நீ அம்மாவுக்குச் செய்ததை அவள் சொல்லாவிட்டால் என்ன, நான் பார்த்தேன். அவள் முதுகில் ஒரு புண்கூட இல்லை. அதற்கு என்ன பாடு படவேண்டும் என்று பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியும்.

பாதிப் பழி என்றாய். வாங்கிக்கொண்டேன். மீசைக்காரன் என்ன ஆனான்?

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

சமையல்காரர் வந்தார். மெழுகு இல்லை, நிஜ ஆள். சுற்றறிக்கையைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். நோயாளி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் கிடந்த பொம்மையை உற்றுப் பார்த்தார்.

“இது யாரும்மா?”

“நீங்கதான்.”

“எனக்கு எந்தக் காலத்துல இவ்ளோ தொப்ப இருந்துச்சு?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். பிறகு மீசைக்காரரைப் பார்த்தார். உதவியாளர் என்றேன். “எந்த உதவியாளர்? எனக்கு ஊசி போட்டது பேஷண்ட்” என்றார். அந்தப் பேஷண்ட் என் அக்கா என்று சொன்னேன். மனிதர் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இனிமேல் எழுதுவதை நீயும் உட்கார்ந்துகொண்டு படி. அவர் சொன்னது சொன்னபடியே:

“யாராவது படுத்தா நீ எழுந்துக்கணும்னு கேப்டன் சொன்னது எங்க எல்லாருக்கும் தெரியும்மா. அந்தப் பொண்ணு எழுந்தா எங்க போவும்? லேப்ல, தரையில. ஒரு தடவ எழுந்துட்டா போதும், ‘பாத்தீங்களா, சரிப்படாதுன்னு சொன்னோமே’ன்னு கரையில இருக்கிறவங்க இறக்கிவிட்ருவாங்க. அதனால நாங்களே பேசி முடிவு பண்ணிட்டோம், இந்தக் கப்பல்ல யாருக்கும் உடம்புக்கு வராதுன்னு. விஞ்சுக்காரனுக்கு ரெண்டு விரல் நசுங்கிப் போச்சு. கட்டுப் போட்டா தெரிஞ்சிடும்னு கையப் பாக்கெட்லயே வச்சுட்டான். சின்ன எஞ்சினியருக்குக் குளிர் வந்தா தொண்ட கட்டிக்கும், பேசினா காட்டிக் குடுத்துரும்னு தலைய ஆட்டியே காலத்த ஓட்டுவான். இருமல் வந்துச்சுன்னா துண்ட வாயில அமுக்கிட்டு எஞ்சின் ரூமுக்கு ஓடுவோம். அந்தச் சத்தத்துல எவ்ளோ வேணா இருமலாம். பேஷண்ட் ரூம் வாசல்ல மட்டும் இருமக் கூடாது. அது எங்க சட்டம்.”

“உங்க வயித்து வலி?”

“அதான் கணக்குத் தப்பாப் போச்சு. வாயுப் பிடிப்புன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில அர மயக்கத்துல கெடக்கேன், ஆபீஸ் ஆள் வந்து, ‘ஏன்யா முன்னாடியே சொல்லல’ன்னாரு. ‘அந்தப் பொண்ணு படுக்கை போயிடுமே, அதான் சொல்லல’ன்னேன். பெருமையாத்தான் சொன்னேம்மா. அத எழுதிட்டுப் போயி அந்தப் பொண்ணையே இறக்கிட்டாங்க.”

அவர் அழுதார். மெழுகுச் சமையல்காரரின் காலடியில் உட்கார்ந்து நானும் அழுதேன். துடைக்க வந்த கப்பல் துப்புரவுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

நீ அபாண்டம் என்று எழுதியது அபாண்டம் இல்லை, அக்கா. நிஜம்தான். ஆனால் நிஜத்தில் ஒரு பாதியை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

தங்கை

ஏப்ரல் 8

தங்கைக்கு,

முட்டாள்கள். அத்தனை பேரும் அடி முட்டாள்கள்.

விஞ்சுக்காரர் மேல் கேப்டனிடம் புகார் சொன்னேன், தெரியுமா? ‘குப்பியை ஒற்றைக் கையால் நீட்டுகிறார், பாக்கெட்டிலிருந்து மறு கையை எடுக்க மாட்டேன் என்கிறார், மரியாதை தெரியாதவர்’ என்று. கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது, பார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் இவர்களைக் கேட்டார்கள்? ஒரு ஆள் என் பெயரைச் சொல்லிச் செத்திருப்பார், என்னைக் கேட்காமலே. சொல்லியிருந்தால் தரையில் படுத்திருப்பேன். இயக்குநர் சிரித்திருப்பார், சிரிக்கட்டும் என்று மறுபடி வரைபடத்தை விரித்திருப்பேன். சமையல்காரரைப் பார்த்தால் இதை அப்படியே சொல்லு. இல்லை, வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் போடுகிற டீ இன்னும் நாக்கில் இருக்கிறது என்று மட்டும் சொல்லு.

யாரும் எனக்கு இடம் கொடுக்கவில்லை, நானே பிடுங்கிக்கொண்டேன் என்று இத்தனை காலம் மார்தட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். வகுப்பில் பெண்பிள்ளைகளிடமும் அதையேதான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு கப்பல் முழுக்க ஆட்கள் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். எழுத உட்கார்ந்து எத்தனை காகிதம் நனைந்து போயிற்று என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

இப்போது கேள். அந்த அறையில் எந்தப் பொம்மையும் வேண்டாம். மீசைக்காரனும் வேண்டாம், எனக்கு ஒரு பொம்மையும் செய்துவிடாதே. வெறும் கட்டில் போதும். இதில் தங்கியவள் யார், மற்றவர்கள் ஏன் இதில் படுக்கவில்லை என்று சுவரில் எழுது. முழுக் கதையும் எழுது. என்னை இறக்கியதையும் சேர்த்து எழுது. அதைச் செய்தால் என் வேலைக் கோட்டைக் கொரியரில் அனுப்புகிறேன். வலது கையில் மருந்து பட்டுப் பழுப்பாகிப்போன கறை இருக்கிறது. பார்த்ததும் துவைத்துப் போட்டுவிடாதே, உனக்கு அந்த வியாதி உண்டு.

அக்கா

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

குழு மறுத்துவிட்டது.

“மேடம், ஜனங்க பொம்ம பாக்கத்தான் வருவாங்க. காலிக் கட்டிலப் பாக்க யாராவது டிக்கெட் வாங்குவாங்களா? நிறுவனமும் வருத்தப்படும்” என்றார் தலைவர். நான் விடவில்லை. கடைசியில், “அதோட, அவங்க உங்க அக்கா வேற. நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேச மாட்டாங்களா?” என்று ஒரு போடு போட்டார்.

“அக்காங்கிறதாலதான் சார் இத்தன வருஷம் எனக்கே தெரியாமப் போச்சு. வேற யாராவது இருந்திருந்தா எப்பவோ விசாரிச்சிருப்பேன்” என்றேன். நான் பெரியவர்களை எதிர்த்துப் பேசி நீ பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை.

எழுத்து மூலமாகவும் உத்தரவு வந்துவிட்டது, பொம்மைகள் இருக்க வேண்டும் என்று. இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள், எங்கே என்று சொல்லவில்லை. கேப்டனைக் கொண்டுபோய்ச் சுக்கான் முன்னால் நிறுத்திவிட்டேன், அவருக்கும் அங்கேதான் பொருத்தம். மெழுகுச் சமையல்காரரை அடுப்படிக்கு மாற்ற நிஜச் சமையல்காரரே வந்து ஒரு கை பிடித்தார். தொப்பை தெரியாமல் ஏப்ரனையும் அவரே கட்டிவிட்டார். மீசைக்காரர் சாமான் அறையில், துடைப்பங்களோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நோயாளி அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வாசல் சுவரில் வாசகமும் எழுதி, துணி போட்டு மூடியாகிவிட்டது. திறப்பு விழாவன்றுதான் இரண்டையும் திறப்பேன்.

விழா மே 12. உத்தியோகம் போனாலும் போகட்டும். பழைய மாலுமிகளில் விலாசம் கிடைத்தவர்களுக்கெல்லாம் இன்னொரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன். எனக்கு அதுதானே எழுத வருகிறது.

கோட்டைக் கொரியரில் அனுப்பாதே. நீயே போட்டுக்கொண்டு வா.

தங்கை

மே 15

தங்கைக்கு,

சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். அங்கே இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதிருப்பேன். அந்தச் சந்தோஷத்தை உன் குழுத் தலைவருக்குக் கொடுக்க விருப்பமில்லை.

உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது, வாசலில் நின்று கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தாய். சொல்கிறேன். நான் திட்டம் போட்டு எதுவும் செய்யவில்லை. அந்த ஏணிப்படி ஏறி இறங்கி முழங்கால் உயிரை எடுத்தது. நீ பூட்டைத் திறந்துவிட்டுப் போனதும் உள்ளே போனேன். கட்டிலைப் பார்த்தேன். கோட்டோடு ஏறிப் படுத்துவிட்டேன். பக்கச் சுவரில் நான் துணி தொங்கவிட அடித்த ஆணி இன்னும் இருக்கிறது. தொட்டுப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

சிறப்பு விருந்தினரும் தலைவரும் உள்ளே வந்த சத்தம் கேட்டது. “அடடா, ரொம்பத் தத்ரூபமா இருக்கே. கையில கறைகூடப் போட்ருக்காங்க. இது யாரு?” என்றார் விருந்தினர். தலைவர் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அவர் செய்யச் சொன்ன பொம்மைகளில் நான் இல்லையே. விருந்தினர் குனிந்து என் கையைத் தொட வந்தார்.

“தொடாதீங்க” என்றேன்.

மனிதர் தலையைச் சுவர் அலமாரியில் இடித்துக்கொண்டார். “யாரும்மா நீங்க?” “பேஷண்ட்.” “உடம்புக்கு என்ன?” “ஒண்ணுமில்ல. நான் இங்க குடியிருந்தவ. வாசல்ல எழுதியிருக்கு, படிச்சுட்டு வாங்க” என்றேன். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “எழுந்திருங்கம்மா, விஐபி வந்திருக்காங்க” என்றார். “யாராவது நோயாளி வந்தா எழுந்துப்பேன். விஐபிக்கெல்லாம் எழுந்துக்கச் சொல்லி கேப்டன் சொல்லல” என்றேன். விருந்தினர் நல்ல மனிதர். நிஜமாகவே வெளியே போய்ப் படிக்க ஆரம்பித்தார்.

அப்புறம்தான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. அது என்ன என்று எனக்குப் புரிந்தது. பார்க்க முடியவில்லை. யார் ஆரம்பித்தது? எழுது.

அக்கா

மே 24

அக்காவுக்கு,

விஞ்சுக்காரர்தான் ஆரம்பித்தார்.

நடைவழியில் வரிசையாக நின்றிருந்தார்கள், எல்லோரும் கிழவர்கள். விஞ்சுக்காரர், சின்ன எஞ்சினியர், சமையல்காரர், பெயர் தெரியாத இன்னும் சிலர். விருந்தினர் வாசகத்தைச் சத்தமாகவே படித்தார். ‘இந்த வாசலில் யாரும் இருமியதில்லை’ என்ற கடைசி வரி வந்ததும் விஞ்சுக்காரர் இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். இரண்டு விரல்கள் கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கையை வாயருகே கொண்டுபோய், உன் கதவைப் பார்த்துக்கொண்டு, நன்றாக, அடிவயிற்றிலிருந்து, ஒரு இருமல் இருமினார். அடுத்தது சின்ன எஞ்சினியர். அப்புறம் சமையல்காரர். அப்புறம் எல்லோரும். இத்தனை வருடம் அடக்கி வைத்ததையெல்லாம் அந்த வாசலிலேயே இருமித் தீர்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருமினார்கள், இருமிக்கொண்டே அழுதார்கள். விருந்தினர் கைக்குட்டையை எடுத்தார். எனக்கு இருமல் இல்லை, ஆனாலும் இருமினேன்.

விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். பொம்மைகளைப் பழையபடி வை, வாசகத்தை அழி, இல்லையென்றால் போகலாம் என்று. ‘அழிக்க மாட்டேன், போகவும் மாட்டேன், வேண்டுமானால் இழுவைப் படகு கொண்டு வாருங்கள்’ என்று பதில் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பதில் இல்லை. வருகிற பள்ளிப் பிள்ளைகள் வாசகத்தைப் படித்துவிட்டு வாசலில் நின்று வேண்டுமென்றே இருமுகின்றன. தலைவர் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

பிள்ளைகள் வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் உன் அறை சும்மாதான் கிடக்கிறது. கட்டில் போட்டுவிட்டேன். மடக்குக் கட்டில் இல்லை. இதைக் கெஞ்சிக் கேட்க எனக்கு வராது, உனக்கும் கெஞ்சினால் பிடிக்காது. அதனால் எனக்கு வருகிறபடியே கீழே எழுதிவிடுகிறேன்.

மதிப்பிற்குரிய முன்னாள் ஆய்வாளர் அவர்களுக்கு,

கப்பலின் நோயாளி அறையும், நம் வீட்டின் கிழக்குப் பக்கத்து அறையும் தங்களுக்கு நிரந்தரமாக ஒதுக்கப்பட்டுள்ளன. இனி எங்கேயும், யார் படுத்தாலும், தாங்கள் எழுந்துகொள்ள வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கை